சுரங்க விளக்கு: அதன் வரலாறும் அது உணர்த்தும் பொருளும்

தமிழில் ‘விளக்கு’ என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குகிறது. பெயராக வரும்போது அது ஒளி தரும் பொருளைக் குறிக்கும். வினையாக வரும்போது தெரியாத ஒன்றைத் தெரியச் செய்தலைக் குறிக்கும். வீட்டில் ஏற்றப்படும் விளக்கு பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் பயன்பட்டுவந்த பாதுகாப்பு விளக்கோ இவ்விரு பொருளுக்கும் உரியது. அது தந்த ஒளி மிகச் சொற்பம். ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத காற்றில் என்ன கலந்துள்ளது என்பதை அதன் சுவாலை கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தது. ஒளிக்காக உண்டாக்கிய ஒரு கருவி, ஒளிப்பணி போன பின்பும் பல்லாண்டு காலம் சுரங்கத்தில் நிலைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

விளக்கின் பொது வரலாற்றை இங்கே சுருக்கமாகவே கூறலாம். பிரான்ஸ் நாட்டின் லாஸ்கோ குகையில் கைப்பிடியுடன் கூடிய செம்மணற்கல் விளக்கு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. விலங்குக் கொழுப்பை எரித்த இத்தகைய கல் விளக்குகள் பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கல், சிப்பி, சுட்ட மண், வெண்கலம் எனக் கலம் மாறியதே தவிர, அதற்குப் பின் நெடுங்காலம் விளக்கின் அமைப்பு மாறவில்லை. எண்ணெய் திரியின் நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலேறும்; வெப்பத்தால் ஆவியாகும்; அந்த ஆவியே எரியும். எரிவது திரியன்று என்பதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுவது பயனுடையது.

முதற்பெரும் மாறுதலைச் செய்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஆர்காண்ட். 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் திரியைக் குழாய் வடிவாக அமைத்து, அதன் நடுவிலும் காற்றுச் செல்ல வழி செய்து, மேலே கண்ணாடிச் சிம்னியையும் பொருத்தினார். புகை குறைந்து ஒளி பன்மடங்காயிற்று. 1853-ல் லுகாசியேவிச் அமைத்த மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் லிவிவ் நகர மருத்துவமனையில் இரவு நேர அறுவைச் சிகிச்சை ஒன்று நடைபெற்றது. 1885-ல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் வெல்ஸ்பாக் மாண்டிலைக் கண்டுபிடித்தார். பின்னர் அவர் திருத்தியமைத்த மாண்டிலில் 99 சதவிகிதம் தோரியம் ஆக்ஸைடும் 1 சதவிகிதம் சீரியம் ஆக்ஸைடும் இருந்தன. இந்தத் தோரியத்துக்காகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணல் உலகச் சந்தைக்குச் சென்றது. மணவாளக்குறிச்சி என்ற சிற்றூரின் பெயரை ஐரோப்பிய இரசாயனத் தொழிலதிபர்கள் அறிந்துகொண்டதற்கு விளக்கே காரணம்!

இவையனைத்தும் நிலத்தின்மேல் நிகழ்ந்தவை. நிலத்தின்கீழ் இருந்த இடர்ப்பாடு வேறு வகையானது.

கரியில் உறையும் வாயு

நிலக்கரி உருவானபோது உண்டான மீதேன் வாயு, கரியின் நுண்துளைகளிலும் பிளவுகளிலும் அடைபட்டுக் கிடக்கிறது. கரியை வெட்டும்போது அது வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றின் எடையில் பாதியளவுக்குச் சற்று மிகுந்த எடையே உடையதாகையால், சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 5 சதவிகிதம் முதல் 15 சதவிகிதம் வரை இருக்குமானால், ஒரு தீப்பொறி போதும். அந்தக் கலவை வெடிக்கும். 9½ சதவிகித அளவில் வெடிப்பின் வேகம் உச்சநிலையை அடைகிறது. 5-க்குக் கீழ் வாயு போதாமையால் தீ பரவாது. 15-க்கு மேல் பிராணவாயு போதாமையால் பரவாது.

ஆகவே சுரங்கத் தொழிலாளி ஒரு விபரீதமான நிலையில் இருந்தான். விளக்கின்றி அவனால் வேலை செய்ய இயலாது. விளக்கோ அவனுடைய உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெடிங் என்பவர் எஃகுச் சக்கரத்தின்மேல் சிக்கிமுக்கிக் கல்லை உரசவிட்டு, அதில் எழும் பொறிகளின் ஒளியிலே வேலை செய்யும் ஒரு முறையைப் புகுத்தினார். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டேயிருக்க ஒரு சிறுவன் வேண்டும். அப்பொறிகள் வாயுவைப் பற்றவைக்கா என்று நம்பப்பட்டது. அந்நம்பிக்கை பொய்யென்பதைச் சில வெடிப்புகள் காட்டின. அழுகிய மீன் தோலில் எழும் மங்கிய ஒளியைக்கூடச் சிலர் பயன்படுத்திப் பார்த்தனர் என்றால், அக்காலத்தவரின் தவிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

1812-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, வட இங்கிலாந்தின் ஃபெலிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர். அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், மாண்டவர்களை அடக்கம் செய்ததோடு நில்லாமல், சுரங்க உரிமையாளர்கள் விரும்பாதபோதிலும் விபத்தின் முழு விவரத்தையும் அச்சிட்டு வெளியிட்டார். அதன் விளைவாக, சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென ஒரு சங்கம் 1813-ல் சண்டர்லாந்தில் தோன்றியது.

டேவியும் ஸ்டீவன்சனும்

அச்சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று ஹம்ஃப்ரி டேவி 1815-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சுரங்கத்து வாயுவைப் புட்டிகளில் வருவித்துத் தம் ஆய்வுக்கூடத்திலே சோதித்தார். இரண்டு உண்மைகள் அவருக்குப் புலப்பட்டன. ஒன்று, இவ்வாயு பற்றிக்கொள்வதற்கு மற்றப் பல வாயுக்களைவிட மிகுந்த உஷ்ணம் தேவைப்படுகிறது. மற்றொன்று, குறுகலான உலோகக் குழாயின் வழியே இதன் வெடிப்பு பரவுவதில்லை. குழாயின் உலோகம் வெப்பத்தை விரைவாகக் கவர்ந்துவிடுவதால், அதனூடே செல்லும் எரிந்த வாயு பற்றவைக்கும் உஷ்ணநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. குழாய் எவ்வளவுக்குக் குறுகியதோ அவ்வளவுக்கு அதன் நீளத்தையும் குறைத்துவிடலாம். இவ்வாறு குறைத்துக்கொண்டே போனால் எஞ்சுவது கம்பி வலையே. அதன் ஒவ்வொரு கண்ணும் மிகக் குறுகிய, மிகக் குட்டையான ஒரு குழாயே எனலாம். சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் கொண்ட வலையால் சுவாலையைச் சூழ்ந்து மூடியதே டேவி விளக்கு. 1816 ஜனவரியில் ஹெபர்ன் சுரங்கத்தில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

இதே காலத்தில் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் வேலை பார்த்துவந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன் தாமாகவே ஒரு விளக்கை அமைத்திருந்தார். பிற்காலத்தில் இரயில் எஞ்சினால் புகழ்பெற்றவர் இவரே. விஞ்ஞானக் கல்வி பயிலாதவர். வாயு சீறி வெளிவரும் இடத்துக்கே விளக்குடன் சென்று சோதித்தவர். அவர் முதற்சோதனை நடத்தியது 1815 அக்டோபர் 21-ஆம் தேதி. டேவி தம் கட்டுரையை ராயல் சங்கத்துக்கு அளித்ததோ நவம்பர் 9-ஆம் தேதி. யார் முந்தியவர் என்ற சச்சரவு கசப்பாக வளர்ந்தது. ஏழை எஞ்சின்காரர் ஒருவர் இதைத் தாமாகவே கண்டிருக்க முடியாது என்ற எண்ணம் டேவியின் தரப்பில் இருந்தது வருந்தத்தக்கது. காலமுறையை நோக்கினால் இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே பொருத்தமான முடிவு. ஸ்டீவன்சன் செய்து பார்த்துக் கண்டார். டேவி காரணத்தையும் கண்டார். டேவி தம் விளக்குக்குக் காப்புரிமை கோரவில்லை என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். சுரங்க உரிமையாளர்கள் அவருக்குப் பரிசளித்த வெள்ளிப் பாத்திரங்கள் பிற்காலத்தில் விற்கப்பட்டு, ராயல் சங்கத்தின் டேவி பதக்கத்துக்கு மூலதனமாயின.

வகுப்பறையில் ஒரு சோதனை

வலையின் செயலை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். வேண்டுவன ஒரு மெழுகுவத்தியும், சோதனைச்சாலையில் கிடைக்கும் நெருக்கமான கம்பி வலையும், வலையைப் பிடிக்க ஓர் இடுக்கியுமே. எரியும் மெழுகுவத்தியின் சுவாலைக்கு நேர்மேலே வலையைப் படுக்கையாகப் பிடித்து மெல்லத் தாழ்த்துக. சுவாலை வலையோடு வெட்டுண்டது போல நின்றுவிடும். வலைக்கு மேலே புகை மட்டும் எழும். அப்புகையில் எரியாத மெழுகாவியும் கலந்திருக்கிறது. வலைக்கு மேலே ஒரு தீக்குச்சியைக் காட்டினால் அந்த ஆவி அங்கே தனியே பற்றி எரியும். எரிபொருள் வலையைக் கடந்து சென்றது, வெப்பம் மட்டும் தடுக்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை இல்லை. வலையை நெடுநேரம் வைத்திருந்தால் கம்பி செஞ்சூடாகி, சுவாலை மேலே தாவிவிடும். இதையும் மாணவர்கள் காண்பது நலம். ஏனெனில் டேவி விளக்கின் குறையும் இதுவேயாகும்.

சுவாலையைப் படித்தல்

விளக்கைக் கையாண்டோர் விரைவிலேயே ஒன்றைக் கவனித்தனர். மீதேன் கலந்த காற்றில் விளக்கைப் பிடித்தால், மஞ்சள் சுவாலையின்மேல் நீல நிறத்தில் மங்கலான ஒரு தொப்பி தோன்றுகிறது. வெடிக்கும் அளவுக்குக் குறைந்த வாயு தானாகத் தீயைப் பரப்பாது. எனினும் சுவாலையின் மிக அருகில் உள்ள வாயு மட்டும் அதன் வெப்பத்தால் எரிந்துவிடும். அந்த எரிவே நீலத் தொப்பியாகத் தெரிவது. வாயுவின் அளவு கூடக்கூடத் தொப்பியும் உயரும்.

பயிற்சி பெற்ற சுரங்க சர்தார் இச்சோதனையைச் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் திரியை மிகவும் தாழ்த்தி, மஞ்சள் ஒளி ஏறக்குறைய மறையும்படி செய்வார். பிறகு விளக்கை நேராகப் பிடித்து, கூரையை நோக்கி மெதுவாக உயர்த்துவார். வாயு மேலேதான் தேங்கும் என்பது அவர் அறிந்ததே. 1¼ சதவிகித அளவில், இருளுக்குப் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு மெல்லிய நீலப்படலம் தோன்றும். 2½ சதவிகிதத்தை நெருங்கும்போது முக்கோண வடிவம் தெளிவுபடும். 4 சதவிகிதத்தில் அது நெடிய கூம்பாக எழும். 5 சதவிகிதத்தை எட்டினால் விளக்கின் உட்புறம் முழுவதும் வாயு எரியும். அந்நிலையில் பதற்றமே பெரும்பகை. விளக்கை வெடுக்கென்று இழுத்தாலோ, வாயால் ஊதினாலோ, எறிந்துவிட்டு ஓடினாலோ, உள்ளிருக்கும் தீ வலையைக் கடந்துவிடக்கூடும். அசைவின்றி மெல்லத் தாழ்த்தி, நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனை நிதானம் வாய்மொழியால் மட்டும் வந்துவிடாது. அதனாலேயே இந்தியாவில் சர்தார் தகுதிச் சான்றிதழுக்கு வருவோரிடம் வாயுச் சோதனைச் சான்றிதழும் கேட்கப்பட்டது.

விளக்கு வேறொரு செய்தியையும் கூறும். காற்றில் பிராணவாயுவின் பங்கு சுமார் 21 சதவிகிதம். அது குறையக் குறையச் சுவாலை மங்கும்; 16 அல்லது 17 சதவிகித அளவில் அணைந்துவிடும். அந்த அளவில் மனிதனுக்கு மூச்சுத் திணறல் பெரிதாகத் தெரிவதில்லை. ஆகவே விளக்கு மனிதனுக்கு முன்னதாகவே மூர்ச்சையடைந்து அவனை எச்சரிக்கிறது. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சைப் பற்றி விளக்கு ஒன்றும் சொல்லாது. உயிரைக் குடிக்கும் அளவில் அது கலந்திருந்தாலும் சுவாலை இயல்பாகவே எரியும். அதற்காகவே ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரின் யோசனைப்படி, மனிதனைவிட விரைவில் நஞ்சுக்கு உட்படும் கேனரிப் பறவைகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் பயன்படுத்தப்பட்டன. அவ்வழக்கம் 1986-ல் கைவிடப்பட்டது.

எதிர்பாராத விளைவு

பாதுகாப்பு விளக்கு வந்தபின் விபத்துகள் குறைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். 1835-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் குழு ஒன்று கணக்கெடுத்தபோது வேறு செய்தி வெளிப்பட்டது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து ஆகிய இரு பகுதிகளில், விளக்கு வருமுன் 18 ஆண்டுகளில் மாண்டவர் 447 பேர். விளக்கு வந்தபின் 18 ஆண்டுகளில் மாண்டவர் 538 பேர்.

இதற்கு விளக்கை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. வாயு மிகுந்தமையால் முன்பு கைவிடப்பட்ட ஆழமான அடுக்குகள், விளக்கு கிடைத்ததும் மீண்டும் திறக்கப்பட்டன. வெட்டப்பட்ட கரியின் அளவும் பெருகியது. காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய பணத்தை, விளக்கு இருக்கிறதே என்று பலர் செலவிடவில்லை. இத்துடன் விளக்கின் சொந்தக் குறைகளும் சேர்ந்தன. நொடிக்கு 5 அல்லது 6 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசினால் சுவாலை வலையின்மேல் சாய்ந்து அதைக் கடந்துவிடும். வலையில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் காப்பு இல்லை. ஒளியோ மிகவும் மங்கல். கூலி வெட்டும் கரியின் அளவைப் பொறுத்திருந்தமையால், தொழிலாளி வலையைக் கழற்றிவிட்டு வெறும் சுவாலையில் வேலை செய்யத் துணிந்தான். அவனை அறிவிலி என்று ஏசுவது எளிது. அரைகுறை ஒளியில் அரைக்கூலியே கிடைக்கும் என்பதை ஏசுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்த மங்கல் ஒளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தோருக்குக் கண்விழி ஓயாது துடிக்கும் நோயும் வந்தது.

குறைகள் படிப்படியாகத் திருத்தப்பட்டன. சுவாலையைச் சுற்றிக் கண்ணாடி, மேலே இரட்டை வலை, அவற்றைக் காற்றினின்று காக்க எஃகு உறை, திறவாமலே மீண்டும் பற்றவைக்கும் பொறி, காந்தத்தால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு ஆகியவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வந்து சேர்ந்தன. திறந்த விளக்குகள் வழக்கிலிருந்த பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1906-ல் 1,099 பேர் மாண்டது, திருத்தம் தோன்றிவிட்டால் மட்டும் அது எங்கும் பரவிவிடுவதில்லை என்பதற்குச் சான்று. அங்கே தீயை ஊர்ஊராகக் கொண்டுசென்றது போலச் சுரங்கம் முழுவதும் பரப்பியது கரித்தூள்.

இந்தியச் சுரங்கங்களில்

ராணிகஞ்ச், பொகாரோ பகுதிகளிலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. 1936-ல் பொய்டி சுரங்கத்தில் 209 பேரும், 1958 பிப்ரவரியில் சின்னகுரி சுரங்கத்தில் ஏறத்தாழ 175 பேரும், 1965 மே மாதத்தில் தோரி சுரங்கத்தில் 268 பேரும் வெடிப்புகளில் உயிர் இழந்தனர். தோரியில் பேரழிவை விளைவித்தது கரித்தூளே. தூளைப் பற்றி விளக்குச் சுவாலை யாதொரு முன்னறிவிப்பும் தராது. சுண்ணாம்புக்கல் தூளைத் தூவிக் கரித்தூளை எரியாத்தன்மை உடையதாக்குவதே அதற்குரிய காப்பு.

1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகள் கரி அடுக்குகளை வாயுவின் அளவுக்கேற்ப மூன்று தரங்களாகப் பிரித்தன. பணி நடக்கும் இடத்தில் மீதேன் 1¼ சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்ற எல்லையும் விதிக்கப்பட்டது. சுவாலை விளக்கில் பழகிய கண் காணக்கூடிய முதல் அளவும் அதுவேயென்பது மேலே கூறப்பட்டது. 2017-ல் புதிய விதிகள் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. தொழிலாளர் தலைக்கவசத்தில் மின்விளக்கு வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. வாயுவை அளக்க மீதேன் மானிகளும் வந்துள்ளன. மின்விளக்கு நல்ல ஒளி தருகிறது. ஆனால் அது ஊமை. அதனால்தான் தொழிலாளர் அனைவர் தலையிலும் மின்விளக்கு ஏறிய பின்னரும், ஓவர்மேன், சர்தார் ஆகியோர் கையில் சுவாலை விளக்கு நெடுங்காலம் தொங்கியது. நெய்வேலியைப் போன்ற திறந்த வெட்டுச் சுரங்கங்களில் வாயு வெளிக்காற்றில் கலந்துவிடுவதால் இவ்விளக்குக்கு வேலையே இல்லை.

சுரங்க வாயிலில் உள்ள விளக்கறைக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒவ்வொரு விளக்குக்கும் எண் உண்டு. இறங்குபவர் தம் விளக்கைப் பெற்றுச் செல்வார், ஏறியதும் திருப்பிக் கொடுப்பார். வேளை முடிந்தபின் எந்தக் கொக்கி வெறுமையாக இருக்கிறதோ, அந்த எண்ணுக்குரியவர் இன்னும் கீழே இருக்கிறார். விபத்து நேர்ந்த நாளில் யார் யார் உள்ளே என்பதை முதலில் சொல்வது இந்தக் கொக்கிகளே.

கிணற்றில் இறக்கும் விளக்கு

சுரங்கத்துக்கே போகாத கிராம ஊழியர்களுக்கும் இவ்விஷயத்தில் ஒரு பங்குண்டு. தூர்ந்துபோன கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்துவந்தது. சுவாலை அணைந்தால் அடியில் பிராணவாயு குறைந்து, கரியமில வாயு தேங்கியுள்ளது என்பதே பொருள், இறங்கலாகாது. இம்மட்டில் வழக்கம் சரியானது. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்று கொள்வது பெரும் பிழை. கிணற்றுக்குள் இறக்கி ஓட்டிய எண்ணெய் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். அதை விளக்கு காட்டாது. கழிவுநீர்த் தொட்டியிலோ, சாண எரிவாயுத் தொட்டியிலோ திறந்த விளக்கை இறக்குவது அதைவிடக் கொடிய செயல். அங்கே மீதேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். முன்னது வெடிக்கும், பின்னது நொடியில் கொல்லும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் உடையதுதானே, மூக்கால் அறியலாமே என்றும் எண்ணலாகாது. அளவு மிகுந்தவுடன் அது முகர்வுணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும்.

கிணற்றின் காற்றைப் பம்பு விசிறியால் நெடுநேரம் மாற்றியபின், இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இருவர் கயிற்றைப் பிடித்திருக்க, ஒருவர் இறங்குவதே முறை. கீழே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க மற்றவர் கயிறின்றிப் பாய்ந்து இறங்குவது இயல்பான இரக்கமே. இத்தகைய விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் மாள்பவர்கள் பெரும்பாலும் அவ்வாறு இறங்கியவர்களே. இடுப்பில் கயிறு இருக்குமானால், மேலே நிற்பவர் இறங்க வேண்டிய அவசியமே நேராது.